மலிவிற் சேர்த்தலும் மெலிவிற் காத்தலும்

எமது துறைமுகத்தில் நின்று காரைநகர்ப் பக்கம் நோக்குவார்க்குக் கடல் நடுவே ஒரு சிறு கோட்டை தோன்றும். பாதையிலேறி அக்கரை சென்று மீண்ட பழைய மாணவர் எவரும் அதனை மறந்திரார். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் கைப்பற்றி ஹமன்ஹீல் எனப் பெயரிட்டது, நாம் கடற்கோட்டை என வழங்குவது. 1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபொழுது, உள்ளிருந்தோர் பணிந்தமைக்குப் பெருங்காரணம் நன்னீரின்மையே என்பது வரலாறு. மதில் இருந்தது, பீரங்கி இருந்தது, சூழவுங் கடல் இருந்தது, குடிப்பதற்குச் சேமித்து வைத்த நீர் மாத்திரம் இல்லாது போயிற்று.

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே, ஓர் அரணுக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாக, உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவு முன்னரே நிரம்பியிருத்தலைக் கூறினார். இறைமாட்சி அதிகாரத்திலே அரசின் தொழில்களை வகுக்குமிடத்து, பொருள் வரும் வழிகளை ஆக்குதல், வந்த பொருளைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததை முறையறிந்து பங்கிடுதல் என நான்காக அடுக்கினார். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய மூன்றும் பயன்படா என்பது அவ்வடைவினாலே பெறப்படும்.

அக்காலத்து அரசனுக்கு நெல்லும் நீரும் எவ்வாறோ, அவ்வாறே இக்காலத்து அரசுக்கு எரிபொருள் இன்றியமையாததாயிற்று. நிலத்தினின்று எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படாத நிலையிலுள்ள மசகு எண்ணெயை விலை தாழ்ந்த காலத்தில் வாங்கிச் சேமித்து, விலை ஏறிய காலத்திலும் வரவு தடைப்பட்ட காலத்திலும் எடுத்து வழங்குதல் பல நாடுகள் கைக்கொள்ளும் முறை. அம்முறை யாது, அதனை அயல்நாடாகிய இந்தியா 2020 ஆம் ஆண்டிலே எவ்வாறு நிறைவேற்றியது, எமது நாட்டுக்கு அஃது ஏன் கைகூடவில்லை என்பனவற்றை இம்மலரின் வாயிலாக விளக்க முற்படுகின்றோம். தமிழாசிரியனுக்கு எண்ணெய்க் கணக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். 2022 ஆம் ஆண்டின் நடுக்கூற்றிலே குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகுக்குக் காத்துநின்ற எவரும் அவ்வினாவை வினவார்.

வீட்டுச் சேமிப்பு

சேமிப்பு எம்மவர்க்குப் புதிதன்று. தீவகத்து மண் ஆண்டு முழுவதும் ஊட்டும் மண்ணன்று. ஆதலால் எம்முன்னோர் ஆவணி புரட்டாதியிற் பனம்பழம் விழுங்காலத்திற் பனாட்டு இட்டனர். தை மாசியிற் கிழங்கு கிண்டிப் பிளந்து காயவைத்து ஒடியலாக்கினர். அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கினர். மீன் மலிந்த நாளிற் கருவாடு போட்டனர். நெல் விளைத்தோர் கொம்பறையில் இட்டுப் பூட்டினர். பொருள் மலிந்து கிடக்கும்போது அதன் அருமை எவர்க்கும் தோன்றுவதில்லை. அருமை தோன்றாத அந்நாளிலே கைவருந்திச் சேர்ப்பவனே அருமை தோன்றும் நாளிற் பிறரிடம் கையேந்தாது நிற்பான்.

எமது சிறுபராய நிகழ்ச்சியொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 1990 ஆம் ஆண்டின் பின்னர், தீவகத்தை விட்டு வலிகாமத்திலே குடியிருந்த குடும்பங்களுள் எமது குடும்பமும் ஒன்று. பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் டீசலும் அற்றுப்போயின. மோட்டார்ச் சைக்கிள்களுக்குச் சில துளி பெற்றோல் காட்டி இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அம்மண்ணெண்ணெயும் பொன்விலை விற்றது. ஜாம் போத்தலிலே திரியிட்ட குப்பி விளக்கே எமது படிப்பு விளக்கு. எம் அன்னையார் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை அடைப்பு இறுக்கி அடுப்படிப் பரணிலே வைத்திருந்தார். சற்று விலையிறங்கிய ஒரு வாரத்தில் வாங்கி வைத்த எண்ணெய் அது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு குப்பி வற்றியது. பரணிலுள்ள போத்தலை எடுத்துத் தரும்படி அழாக்குறையாக வேண்டினோம். “அது படிக்கிறதுக்கில்லை, மோனை,” என்று ஒரு சொல்லில் மறுத்துவிட்டார். மனங்கசந்து உறங்கினோம். ஏழெட்டு நாள் கழித்து, நள்ளிரவில் எம் அப்பாச்சிக்கு மூச்சுத்திணறல் கண்டது. அயலவர் வைத்தியரை அழைத்து வந்து, அவர் பார்த்து மருந்து கொடுத்து, விடியும்வரை அருகிருந்த அவ்விரவு முழுவதும் எரிந்தது அப்போத்தல் எண்ணெய்தான்.

இன்று நாடுகளின் எண்ணெய்ச் சேமிப்பைப் பற்றி நாம் படிக்குந்தோறும் அன்னையாரின் பரண் நினைவில் எழுகின்றது. விலையிறங்கியபோது வாங்கினார், இட்டு வைக்க ஒரு போத்தல் முன்னரே இருந்தது, வாங்கக் கையிற் சில்லறை இருந்தது, எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கலாகாது என்பதில் உறுதி இருந்தது. கலம், காசு, கட்டுப்பாடு என்னும் இம்மூன்றும் கூடினாலன்றி விலைத்தாழ்வு ஒருவனுக்குப் பயன்தராது. நாடுகளுக்கும் இதுவே விதி.

உலகநாடுகளின் முறை

1973 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மத்திய கிழக்கிலே போர் மூண்டது. அராபிய நாடுகள் அமெரிக்காவுக்கும் வேறு சில நாடுகளுக்கும் எண்ணெய் விற்பதை நிறுத்தின. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலர் விற்ற மசகு எண்ணெய் சில மாதங்களிலே 12 டொலரை அணுகியது. எண்ணெய் என்றும் மலிந்தே கிடைக்கும் என்று எண்ணியிருந்த செல்வநாடுகள் திகைத்தன. அத்திகைப்பின் பயனாக 1974 ஆம் ஆண்டிலே சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம் தோன்றியது. அதன் உறுப்பு நாடுகளுள் எண்ணெயை இறக்குமதி செய்வன, தம் தேறிய இறக்குமதியின் 90 நாட் பங்குக்குக் குறையாத எண்ணெயைக் கையிருப்பில் வைத்தல் வேண்டும் என்பது விதி.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1975 ஆம் ஆண்டிலே சட்டமியற்றி, தெக்சாஸ், லூசியானா மாநிலங்களின் கரையோரத்து உப்புப் பாறைகளிலே சேமிப்பறைகளை ஆக்கத் தொடங்கின. அதன் செய்கை விந்தையானது. நிலத்தின் கீழுள்ள உப்புப் பாறையினுள்ளே துளையிட்டு நன்னீரைச் செலுத்துவர். உப்புக் கரைந்து நீரோடு வெளியேற, உள்ளே பெருங்குகை உண்டாகும். உப்பு நீரிற் கரையுமேயன்றி எண்ணெயிற் கரையாது. ஆதலால் அக்குகையில் எண்ணெயை நிரப்பிப் பல்லாண்டு வைத்திருக்கலாம். எடுக்க வேண்டியபோது அடியிலே நீரைச் செலுத்தினால் எண்ணெய் மிதந்து மேலெழும். எமது கிணறுகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதை அறிந்த தீவகத்து மாணவர்க்கு, பாரங் குறைந்தது மேலே நிற்கும் என்னும் இவ்வியல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு அமைந்த அமெரிக்கச் சேமிப்பறைகள் 700 மில்லியன் பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெயைக் கொள்ளவல்லன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 159 லீற்றர். 2022 ஆம் ஆண்டிலே உக்ரேயினிற் போர் மூண்டு விலை உயர்ந்தபோது, 180 மில்லியன் பீப்பாயை எடுத்து விற்றனர். சராசரி விலை ஏறத்தாழ 95 டொலர். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, விலை 67 முதல் 72 டொலர் வரையில் அல்லது அதனிற் குறைந்து வருங்கால் மீள வாங்குவோம் என்று அறிவித்தனர். பின்னர் அவ்வெல்லையை 79 டொலராக உயர்த்தி, 2023, 2024 ஆம் ஆண்டுகளிலே, விற்ற அளவில் ஒரு பகுதியை 76 டொலருக்குட்பட்ட சராசரி விலையிலே வாங்கினர். உயர்ந்த விலையில் விற்றுத் தாழ்ந்த விலையில் மீள நிரப்புதல் என்பது இதுவே.

அயல்நாட்டின் எடுத்துக்காட்டு

இந்தியா தனக்கு வேண்டிய மசகு எண்ணெயிற் பெரும்பகுதியைப் பிறநாடுகளிலிருந்தே பெறுகின்றது. ஆதலின் அந்நாட்டரசு 2004 ஆம் ஆண்டிலே இதற்கெனத் தனிக் கம்பனி ஒன்றை நிறுவி, கரையோரத்து மூன்று இடங்களிலே நிலத்தின் கீழ்ப் பாறைக் குகைகளைக் குடையத் தொடங்கியது. ஆந்திர மாநிலத்து விசாகப்பட்டினத்தில் 13.3 இலட்சம் தொன், கருநாடக மாநிலத்து மங்களூரில் 15 இலட்சம் தொன், அம்மாநிலத்துப் பாதூரில் 25 இலட்சம் தொன், ஆக 53.3 இலட்சம் தொன் கொள்ளக்கூடிய கலம் அமைந்தது. விசாகப்பட்டினத்துக் குகை 2015 ஆம் ஆண்டிலும், ஏனைய இரண்டும் அதனையடுத்த மூன்றாண்டுகளிலும் பயனுக்கு வந்தன.

இக்குகைகளுக்கு இரும்புச் சுவரும் இல்லை. சீமெந்துப் பூச்சும் பெரிதில்லை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அவற்றைக் குடைவர். சூழவுள்ள பாறை வெடிப்புகளிலெல்லாம் நீர் நிறைந்து உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தினும் மிகுதியாதலால் எண்ணெய் வெளியே கசியாது. உள்ளே ஊறும் சிறிதளவு நீரை அடியிலிருந்து இறைத்துவிடுவர். நீரே எண்ணெய்க்குச் சுவராகின்றது.

கலம் இவ்வாறு ஆயத்தமாயிருக்க, 2020 ஆம் ஆண்டு பிறந்தது. கொரோனாப் பெருந்தொற்றினால் உலகெங்கும் வாகனங்கள் நின்றன, வானூர்திகள் தரையிறங்கின. எண்ணெய் வாங்குவார் இன்றித் தேங்கியது. ஏப்பிரல் 20 ஆம் நாள் அமெரிக்கச் சந்தையில் மே மாதத்து ஒப்பந்த விலை சுழியத்தினும் கீழிறங்கி, பீப்பாய்க்கு −37.63 டொலராய் முடிந்தது. விற்பவன் வாங்குபவனுக்குப் பணமுங் கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிட முயன்றான் என்பது இதன் பொருள். காரணம் யாது? சேமிக்க இடமில்லை. எண்ணெய் உலகமெங்கும் மலிந்தது, கலம் அரிதாயிற்று. அன்று வெறுங்கலம் வைத்திருந்தவனே செல்வன்.

இந்தியாவிடம் வெறுங்கலம் இருந்தது. அவ்வாண்டு ஏப்பிரல், மே ஆகிய இரு மாதங்களிலே 16.71 மில்லியன் பீப்பாயை வாங்கி மூன்றிடத்துக் குகைகளையும் நிரப்பினர். சராசரி விலை 19 டொலர். அவ்வாண்டு சனவரியில் அவ்வெண்ணெயின் விலை 60 டொலர். மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்: பீப்பாய்க்கு மிச்சம் 41 டொலர், 16.71 மில்லியனால் அதனைப் பெருக்க 685.11 மில்லியன் டொலர் வரும். இந்திய நாணயத்தில் 5,069 கோடி ரூபா மிச்சம் என்று அந்நாட்டரசு பாராளுமன்றத்துக்கு அறிவித்தது. சனவரி விலைக்கே வாங்கியிருப்பர் என்று கொண்டால் மாத்திரமே இஃது முழுமிச்சமாகும் என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. எனினும், நிரப்பப்பட்ட எண்ணெய் நாட்டினுள்ளே இருந்தது என்பதும், அதற்குக் கொடுத்த விலை பிற்காலத்து விலையோடு ஒப்பிடத் தாழ்ந்ததே என்பதும் ஐயமற்றன.

இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 2020 ஆம் ஆண்டிலே வந்த நல்வாய்ப்பைப் பயன்படுத்திய செய்கை 2004 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. விலை வீழ்ந்த பின் குகை குடையப் புகுந்திருந்தால், குடைந்து முடியுமுன் விலை ஏறியிருக்கும். மழை பெய்யும்போது குளம் வெட்டுவார் இல்லை.

எமது நாட்டின் நிலை

இனி எமது நாட்டை நோக்குவோம். கலம் எம்மிடம் இல்லையா எனின், உண்டு, அதுவும் பெருங்கலம். திருகோணமலைச் சீனக்குடாவில் ஆங்கிலேயர் தம் கடற்படைக்காக இரண்டாம் உலகப்போருக்கு முன் அமைக்கத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானியர் திருகோணமலை மீது குண்டு வீசியபோது அவர்தம் வானூர்தி ஒன்று தாங்கியொன்றின்மேல் வீழ, அத்தாங்கி பல நாள் நின்றெரிந்தது. போர் முடிந்தது, ஆங்கிலேயர் சென்றனர், தாங்கிகள் எஞ்சின. கீழ்த்தொகுதியிலுள்ள சில இந்தியக் கம்பனியின் துணைநிறுவனமாகிய லங்கா ஐ.ஓ.சி.யின் கையிற் பயன்பட்டன. மேற்றொகுதியிலுள்ள பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காடு மண்டித் துருவேறிக் கிடந்தன.

ஒரு தாங்கியின் கணக்கைப் பார்ப்போம். 12,000 கிலோலீற்றர் என்பது ஏறத்தாழ 75,000 பீப்பாய். பீப்பாய் 20 டொலர் விற்கும் நாளில் அதனை நிரப்ப 15 இலட்சம் டொலர் வேண்டும். 100 டொலர் விற்கும் நாளில் 75 இலட்சம் டொலர் வேண்டும். ஒரு தாங்கிக்கே 60 இலட்சம் டொலர் வேறுபாடு. பத்துத் தாங்கிகளுக்கு எவ்வளவு என்பதை எமது சிறுவரும் சொல்வர்.

2020 ஆம் ஆண்டு ஏப்பிரலில் விலை வீழ்ந்தபோது இத்தாங்கிகளிற் பெரும்பாலானவை எண்ணெய் ஏற்கும் நிலையில் இல்லை. குழாய்களும் இல்லை, பம்பிகளும் இல்லை. கலம் என்று பெயர் இருந்ததேயன்றிக் கலம் இல்லை. அரசு மற்றொரு வழியை நாடியது. உள்ளூர் விற்பனை விலையைக் குறையாது வைத்து, அதனால் வரும் மிச்சத்தை எரிபொருள் விலை உறுதிப்பாட்டு நிதி ஒன்றிற் சேர்ப்பதாக அறிவித்தது. எண்ணெயைச் சேர்க்க இயலாவிடிற் பணத்தைச் சேர்ப்போம் என்பது பிழையான எண்ணமன்று. ஆனால், எண்ணெய் ஏறுமுகங் கொண்ட மறுவருடம் யூன் மாதத்திலேயே விற்பனை விலை உயர்த்தப்பட்டது. தொகுத்தலைச் சொன்ன வள்ளுவர் காத்தலை ஏன் தனித்துச் சொன்னார் என்பது அப்போது விளங்கிற்று.

2021 ஆம் ஆண்டு நவம்பரில், மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமையினால், 1969 ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவந்த சப்புகஸ்கந்தச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சில் உலகவிலை பீப்பாய்க்கு 120 டொலரைக் கடந்தது. ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென நாடு அறிவித்தது. 2021 ஆம் ஆண்டு இறுதியில் லீற்றர் 177 ரூபா விற்ற பெற்றோல் 2022 ஆம் ஆண்டு யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. 121 ரூபா விற்ற டீசல் 460 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைக்கவில்லை. யூன் 28 ஆம் நாள் தொடக்கம் இருவாரம் வரையில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கல் நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன. வரிசையில் நின்றே உயிர்நீத்தோரும் உளர்.

தீவகத்திலே இத்துன்பம் இரட்டித்தது. கொழும்பில் வாழ்வோன் பெற்றோல் இல்லையெனின் நடந்து செல்லலாம்; நெடுந்தீவான் கடலின்மேல் நடப்பதெவ்வாறு? படகு டீசலில் ஓடும். கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் மின்சாரம் தருவன டீசல் இயந்திரங்கள். எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையார் மண்ணெண்ணெய்க் கலனோடு மூன்று நாள் வரிசையில் நின்று வெறுங்கலனோடு மீண்டார். நான்காம் நாள் அவர் வள்ளத்திற் பாய்மரம் கட்ட முயன்றதை அவ்விளைஞன் எமக்கு நகைச்சுவையாகக் கூறினான். எமக்கு நகை வரவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. ஒருநாட் பிடியின் பெறுமதி இயந்திரத்தின் ஒருநாட் குடிக்கும் போதாது என்று கரையிலே அமர்ந்தோர் பலர்.

ஆட்சேபங்களும் விடைகளும்

சேமிப்பை மறுத்துரைப்பாரும் உளர். அவர் கூறுவனவற்றையும் எடுத்து நோக்குதல் முறை.

விலை இன்னும் வீழுமா, இனி ஏறுமா என்பதை யார் அறிவார் என்பது முதலாவது ஆட்சேபம். ஒருவரும் அறியார் என்பது உண்மையே. அதனாலேயே அறிவுடையோர் அடிவிலைக்குக் காத்திருப்பதில்லை. இவ்வளவுக்குக் குறைந்தால் வாங்குவோம் என்று ஓர் எல்லையை முன்னரே வகுத்து, பகுதி பகுதியாக வாங்குவர். மேலே காட்டிய அமெரிக்க அறிவிப்பு இம்முறையினது.

பணம் முடங்கும் என்பது இரண்டாவது. இதுவும் உண்மையே. 20 டொலர் எண்ணெயை நூற்றுக்கு எட்டு வட்டிக்குக் கடன்பட்டு வாங்கி இரண்டாண்டு வைத்தால், தனிவட்டி 3.20 டொலர் ஏறும். தாங்கியைப் பேணுஞ் செலவும் ஆவியாகும் இழப்பும் அதன் மேலே சேரும். எனினும் விலை 20 டொலரிலிருந்து 100 டொலராகும்போது இச்செலவு சிறிதாய்த் தோன்றும். 80 டொலருக்கு வாங்கியது 70 டொலருக்கு இறங்குமாயின் இழப்பே எஞ்சும். ஆதலாற் சேமிப்பை இலாபம் கருதும் வாணிகமாகக் கொள்ளலாகாது. அஃது ஒரு காப்புறுதி. வீடு தீப்பற்றாமையினாற் காப்புறுதிக் கட்டணம் வீணாயிற்று என்று வருந்துவார் இல்லை.

மூன்றாவது, சிறுநாட்டுக்கு மசகு எண்ணெய்ச் சேமிப்பு மாத்திரம் போதாது என்பது. இது கருதத்தக்க வாதம். மசகு எண்ணெய் பல்லாண்டு கெடாது கிடக்கும். ஆயின் அதனைப் பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயுமாக்கச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். சப்புகஸ்கந்த நிலையத்தின் ஆக்கம் நாட்டின் முழுத்தேவைக்கும் போதாது. சுத்திகரித்த எண்ணெயைச் சேமிப்போமெனின் அது நீண்டகாலம் தரங்கெடாது நில்லாது. பழையதை விற்றுப் புதியதை இட்டுச் சுழற்சியாகப் பேணல் வேண்டும். கொம்பறையிலே பழைய நெல்லை முதலில் எடுத்துப் புதுநெல்லை மேலிடும் எம்மவர் வழக்கம் இதுவே.

இவ்வாட்சேபங்களினும் பெரிய இடர் ஒன்றுண்டு. சேமித்ததைத் தகாத காரணத்துக்கு எடுத்தலே அது. செல்வம் மிக்க அமெரிக்காவிலும், 2015 ஆம் ஆண்டிலே வரவுசெலவுக் குறையை நிரப்புதற்பொருட்டுச் சேமிப்பெண்ணெயின் ஒரு பகுதியை விற்கும்படி சட்டமன்றம் விதித்தது. விலையுயர்வாற் குடிகள் முணுமுணுக்கும் போதெல்லாம் பரணிலுள்ள போத்தலை இறக்க ஆள்வோர்க்கு ஆவல் பிறக்கும். எப்போது திறக்கலாம், யார் திறக்கலாம், திறந்ததை எக்காலத்துள் மீள நிரப்புதல் வேண்டும் என்பன எழுத்திலே நின்று, எவர் ஆட்சிக்கு வரினும் மாறாது ஓம்பப்படுதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கவை

துன்பத்தின் பின் சில நன்முயற்சிகள் தோன்றின. 2022 ஆம் ஆண்டு சனவரியிலே திருகோணமலைத் தாங்கிகள் பற்றிப் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் பிரிக்கப்பட்டன. அக்கூட்டுக் கம்பனியிலே கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51. 2025 ஆம் ஆண்டு ஏப்பிரலில் இந்தியா, ஐக்கிய அராபிய இராச்சியம், இலங்கை ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. தாளிலுள்ள கையொப்பம் தாங்கியிலுள்ள எண்ணெயாதல் வேண்டும். துருவை நீக்கிக் குழாயிணைத்து வைத்த தாங்கியே அடுத்த விலைவீழ்ச்சிக்கு வாய் திறந்து நிற்கும்.

தீவகத்துக்கு மற்றொரு சேமிப்பும் உண்டு. வேண்டும் எண்ணெயின் அளவையே குறைத்தல் அது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்னாக்கி மின்கலங்களிற் சேமிக்கும் திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2022 ஆம் ஆண்டிலே உடன்பாடாகி, 2024 ஆம் ஆண்டு மார்ச்சிலே நிர்மாண ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அத்திட்டத்திலும் டீசல் இயந்திரம் துணையாக நிற்கும். வெயிலும் காற்றும் எம் தீவுகளில் மலிந்த பொருள்கள். மலிந்ததை மின்கலத்திற் சேர்த்து இருளிற் பயன்படுத்தல், ஒடியல் சேர்த்த எம்முன்னோரின் முறைக்குப் புறம்பானதன்று.

மேலும், நாட்டின் சேமிப்பு முத்துராசவெலவிலும் கொலன்னாவையிலும் சீனக்குடாவிலும் மாத்திரம் நின்றாற் போதுமா என்பதும் சிந்தித்தற்குரியது. முறையறிந்து பங்கிடுதல் என்ற நான்காவது தொழில் இங்கே வரும். கடல் கடந்த தீவுகளுக்குப் படகோட்டவும் நோயாளரைக் கரைசேர்க்கவும் வேண்டிய எரிபொருள், குறித்த சில வாரங்களுக்குரிய அளவு, தீவகத்திலேயே முத்திரையிட்டு வைக்கப்படுதல் வேண்டும். பெருந்தொகையன்று அது, சில தாங்கிகளுள் அடங்கும். ஆயினும் நள்ளிரவிலே நெடுந்தீவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டால், கொழும்பின் கையிருப்புக் கணக்கால் அவளுக்கு ஆவதொன்றுமில்லை. இறங்குதுறையிலுள்ள எண்ணெயே அவளுக்கு உதவும்.

பழைய மாணவர்காள்! உங்களுட் பலர் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் அரச அலுவலராகவும் இந்நாட்டிலும் பிறநாடுகளிலும் விளங்குகின்றீர்கள். தீவுகளின் எரிபொருட் கையிருப்பைப் பற்றி உரிய இடத்தில் எடுத்துரைக்கும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு. விலையேறிய நாளில் எழுதும் விண்ணப்பத்திலும், விலை தாழ்ந்து எவரும் எண்ணெயை நினையாத நாளில் எழுதும் விண்ணப்பமே பயன்படும். மாணவர்காள்! பாதையிலே கடற்கோட்டையைக் கடந்து செல்லும்போது, அதன் மதிலின் தடிப்பை வியப்பதோடு நில்லாது, உள்ளே தண்ணீர் எங்கே வைத்தனர் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எம் அன்னையாரின் அப்போத்தல் மறுமாதம் மண்ணெண்ணெய் சற்று மலிந்தவுடனே மீண்டும் நிரம்பிப் பரணேறியது. வெறும் போத்தலாக அதனை நாம் நெடுநாட் கண்டதில்லை.